கடைசிப் பக்கம் முதலில்

கைக்கட்டு மாற்ற வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெயர்ப்பலகையில் பிரெஞ்சு எழுத்து இன்னும் அழியவில்லை. பிரசவ அறை வாசலில் ஏம்பலத்துக் கரும்பு வண்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கரும்புச் சோகை இலை கிழித்த கோடுகள். உள்ளே அவர் மகள். மடியில், வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடர்கதையைச் சேர்த்துத் தைத்த நாலாம் பாகம்.

"மந்திரவாதி இன்னா செஞ்சாலும் மாத்து மந்திரம் இருக்கும்பா. கூடவே சிரிச்சிப் பேசி விஷம் வெக்கிறான் பாரு மந்திரி, அவனுக்குத்தான் பயப்படணும்" என்றார்.

எந்தப் பாகம் கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவாராம். "ராணி பொழப்பாளான்னு தெரியாம எப்டிபா படிக்கிறது?"

உள்ளே மகள் அலறினாள். அவர் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு எனக்குத் தெம்பு இல்ல. நீயே பாத்துச் சொல்லு. பொழைக்கிறாளா?"

புரட்டினேன். கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

"பொழைக்கிறாங்க, பெரியவரே."

"கொழந்த?"

கதையில் குழந்தை உண்டா என்றே எனக்குத் தெரியாது. "அதுவும் நல்லாருக்கு" என்றேன்.

நர்ஸ் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டார். புத்தகத்தை பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். இருந்து தெரிந்துகொள்ள எனக்கும் தெம்பு இல்லை.