பேஸ் கம்மி, ட்ரிபிள் ஜாஸ்தி

என் குரலைக் கோளாறு என்று நினைத்து மாமா ஒருமுறை ஒயரையே பிடுங்கிப் போட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடி அண்ணாமலையில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பௌர்ணமிக்கு அன்னதானப் பந்தல், எதுவானாலும் அவர் பாக்ஸ்தான் அலறும். டவுனில் நான் ஏழாவது படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கும் அவரே வந்தார். ஒத்திகையில் இறைவணக்கம் பாட ஆறு பெண்கள் வரிசையாக நின்றோம். இரண்டாவது வரியிலேயே மாமா ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார், குனிந்து ஒயரை ஆட்டினார், கடைசியில் பிடுங்கிவிட்டு, "ஹம்மிங் வருதுங்க டீச்சர், எர்த் சரியில்ல" என்றார். எர்த்துக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கேட்டது என்னை.

பாட்டு டீச்சர் ஒவ்வொருத்தி வாயருகிலும் காதை வைத்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றுவிட்டார். "உனக்கு பேஸ் வாய்ஸ்மா. அது ஆம்பளைங்களுக்கு இருக்க வேண்டியது. நீ வாய மட்டும் அசை, போதும்" என்றார். வரிசையை விட்டுத் துரத்தவில்லை. நான் உயரம், நடுவில் நின்றால் மேடை எடுப்பாக இருக்குமாம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மாமாவின் குட்டி யானை லோடு வண்டியில், ஸ்பீக்கர்களோடு ஸ்பீக்கராக வீட்டுக்குத் திரும்பும்போது சண்டை பிடித்தேன். அவர் ஆம்ப்ளிஃபயரிலும் பேஸ் என்ற அந்த வார்த்தைதான் ஒரு திருகின் கீழே எழுதியிருக்கும்; கீச்சுச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே ட்ரிபிள் திருகு. மாமா சிரித்தார். "பொம்பள மைக்க புடிச்சா பேஸ் கம்மி, ட்ரிபிள் ஜாஸ்தி. இதான் ரூலு."

"யாரு போட்ட ரூலு?"

"எனக்கு தொழில் கத்துக்குடுத்தவரு சொன்னது. அவருக்கு யாரு சொன்னாங்களோ, யாரு கண்டா."

மறுநாள் பள்ளி நூலகத்தில் இருந்த தடி ஆங்கில அகராதியை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். ஆண்களின் குரலில் மிகத் தாழ்ந்தது என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் அதன் பூர்வீகம்: பழைய லத்தீனில் குட்டையானது, தடித்தது, தாழ்வானது. அடிமட்டத்துக்கும் கீழ்த்தரத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு 'பேஸ்' என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளையேதான். தமிழ் மட்டும் என்ன வாழ்கிறது? கட்டைக் குரல் என்கிறோம். கட்டை என்றாலும் குட்டை, தடிமன்தானே. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இரண்டு பாஷைக்காரர்கள் என் தொண்டையைப் பார்த்து ஒரே வசவைச் சொல்லியிருக்கிறார்கள். அதே எழுத்துகளில் அடுத்த பதிவாக ஒரு மீன் இருந்தது. அதன் பெயர் முள்ளுக்கான பழைய சொல் ஒன்றிலிருந்து வந்ததாம். குத்துகிற அந்த மீனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

வீட்டில் அந்த வாரம் முழுக்கப் பாடினேன். குளிக்கும்போது, கோலம் போடும்போது, சோறு தின்னும்போதுகூட. அம்மாதான் பதறினாள். அம்மா எதையும் காதோடு காதாகச் சொல்கிறவள். வாசலில் கீரைக்காரி வந்தாலும் கையைக் காட்டிக் கூப்பிடுவாளே தவிர வாயைத் திறக்கமாட்டாள். "டீச்சர் சொன்ன மாதிரி வாயசைச்சுட்டு வந்துடுடி. ஊரு சிரிக்கும்" என்று கிசுகிசுத்தாள்.

"சிரிக்கட்டும். பல்லு சுளுக்கட்டும்" என்றேன்.

விழா அன்று சாயங்காலம் அம்மாவும் வந்திருந்தாள். திரை விலகியதும் நான் வாயை அசைக்கவில்லை. திறந்தேன். முதல் வரியிலேயே முன்வரிசைப் பையன்கள் திரும்பித் திரும்பி, பாடுகிற ஆணைத் தேடினார்கள். கண்டுபிடித்ததும் கெக்கலி கிளம்பியது. பக்கத்தில் நின்ற பெண்களுக்குச் சிரிப்பு வந்து, ஒவ்வொருத்தியாகப் பாட்டை நிறுத்தினார்கள். மேடை ஓரத்தில் டீச்சர் வாய் மேல் விரலை வைத்தார். மாமாவின் கை பேஸ் திருகுக்குப் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், கடைசி வரிசைகளிலிருந்து இன்னொரு குரல் கிளம்பியது. என் குரல் போலவே கட்டையாக, என்னைவிடக் கனமாக, அதே வரியைப் பாடியது. எவனோ ஒரு தடியன் நடுவில் புகுந்து என்னைப் போலவே பாடிக் காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். வந்தது பார் கோபம், அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. முஷ்டியை மடக்கிக்கொண்டு அவனைவிட உரக்கப் பாடினேன். அவனும் விடவில்லை. கடைசி வரி வரைக்கும் இரண்டு பேரும் இழுத்தோம். முடித்தபோது சிரிப்புச் சத்தம் இல்லை. எனக்குப் பயந்துதான் அடங்கிவிட்டார்கள் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

திரும்பும்போது குட்டி யானையின் முன்சீட்டில் மாமா, அம்மா, நான் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அம்மா என் காதில் கேட்டாள். "பாடறப்போ உனக்கு எதுனா கேட்டுச்சாடி?"

"கேட்டுச்சு. எவனோ ஒருத்தன் பொம்பளைங்க நடுவுல உக்காந்துகினு கிண்டல் பண்ணான். கைல மட்டும் கெடைக்கட்டும் அவன்."

மாமாதான் வண்டியை மெதுவாக்கி, "இல்ல பாப்பா, அது..." என்று ஆரம்பித்தார்.

"நீ ரோட்ட பாத்து ஓட்டுடா" என்றாள் அம்மா. அவளுடைய சொந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு கட்டையாக, முழுசாக நான் கேட்டது அன்றுதான். எனக்கா அது புரிந்தது? பனியில் உட்கார்ந்து பாவம் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று எண்ணி, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அவளும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தாள்.