புரட்டாசி வந்தது, நாற்றம் போனது

இன்று காலை எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுவான கம்போஸ்ட் தொட்டியைத் திறந்தோம். நாற்றமே இல்லை! தலையை உள்ளே விட்டே முகர்ந்து பார்த்தேன். சத்தியமாக மண் வாசம்தான்!

போன மாதம்வரை மூடியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். காய்கறிக் கழிவு மட்டும் போட வேண்டிய தொட்டியில் யாரோ கோழி எலும்பும் மீன் முள்ளும் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீடு இல்ல" என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தோம். இன்னொரு தடவை நாறினால் தொட்டியையே எடுத்துவிடுவதாகப் பேச்சு.

தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் குணா அண்ணன் துள்ளிக் குதித்தார். "அலமாக்! உரம் கறுகறுன்னு இருக்கு பாத்தீங்களா? புரட்டாசில எல்லா வீடும் சைவம். அதான் லா!"

சொன்ன கையோடு மேரி அக்காவைப் பார்த்தார். எங்கள் வரிசையில் இருக்கும் ஒரே கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. விரதம் கிடையாது. இத்தனை நாளும் நாங்கள் சந்தேகப்பட்டது அவர் வீட்டைத்தான்.

மேரி அக்கா சிரித்தார். "எங்க வீட்ல நேத்துகூட கோழிக்கறிதான் அண்ணே. தொட்டியில ஒரு எலும்பு காட்டுங்க, பாப்போம்."

குணா அண்ணன் திடீரென்று உரத்தை மும்முரமாகக் கிளற ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் புரட்டாசி முடிகிறது. பின்னாலேயே தீபாவளி, ஆட்டுக்கறி! தொட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மேரி அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்கிறேன்.

உங்கள் தாமான் குடியிருப்பில் இப்படி நம்பி ஒப்படைக்க ஓர் அசைவ வீடு இருக்கிறதா?