மேல்வீட்டின் நாலுமால்

விளம்பரத்தில் இருந்த ஆறு படங்களில் நான்காவது படத்தின் ஓரத்தில் என் மஞ்சள் அளவுநாடா கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அது எங்கள் வீடு என்று நம்பினேன். முதல் மூன்று படங்களைப் பார்த்தபோதுகூட, இதே மாதிரி கல்தூண் வைத்த வீடு வேறு எங்காவது இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அது டீ குடிக்கும் நேரம். பக்கத்து மேசைத் தோழிக்கு விற்பனைக்கு வரும் பழைய வீடுகளைக் கைப்பேசியில் பார்ப்பது பொழுதுபோக்கு. எதையும் வாங்க மாட்டாள். "போடிப் பக்கம்னு போட்டிருக்கு, உங்க ஊருதானே?" என்று நீட்டினாள். தோட்டங்களுடன் கூடிய பழமையான மலை இல்லம் விற்பனைக்கு. கீழே விவரங்கள்: ஏழு அறைகள், இரண்டடிக் கனத்தில் கருங்கல் சுவர், தேக்கு உத்தரம் பதினொன்று, முன்தோட்டம், பின்தோட்டம், தண்ணீர்த்தொட்டித் தோட்டம், ஆரஞ்சு பதினான்கு, இலவம் ஒன்பது, பலா நான்கு. நான் எழுதிய பட்டியல், வரிசைகூட மாறவில்லை. நான் எழுதாதது ஒரே ஒரு வரி: கடற்கரைக்கு அருகில்.

"கடலா? போடியிலயா?" என்று தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு என் மேசைக்குப் போய் என் கோப்பைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். கடற்கரையைத் தவிர வேறு பிழை இல்லை.

போடியிலிருந்து முந்தல் தாண்டி மலைமேல் மெட்டுக்கு ஏறும் சாலையில், இடப்பக்கம் பிரியும் ஜீப்புத் தடத்தில் இருக்கிறது அந்த வீடு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டியது. அப்பாவின் தாத்தா வாங்கினார். ஊருக்குள் நாங்கள் குடியிருப்பது கீழ்வீடு, அது மேல்வீடு. ஏலக்காய் பறிக்கும் மாதங்களில் அப்பா அங்கே தங்குவார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். இன்னும் இரண்டு வருடம் வேலை பார்ப்பேன், அப்புறம் மேல்வீட்டில் சொந்தமாக ஒரு வடிவமைப்பு அலுவலகம். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது, சோதித்துவிட்டேன் என்றேன். அப்பா முழுவதும் கேட்டார். "வா ஆத்தா. ஒத்தப் பிள்ள, உனக்கில்லாம யாருக்கு" என்றார்.

சித்திரையில் ஃபோன் செய்தார். "மழைக்கு முந்தி மேல்வீட்ட மராமத்துப் பாத்திரணும். நீ வந்து அளந்து குடுத்தீன்னா வெரசா முடிஞ்சிரும்."

மூன்று சனிக்கிழமை போனேன். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். நாடாவின் பூஜ்ஜிய முனையை அப்பா பிடித்தார், மறுமுனையில் நான்.

"இழுத்துப் பிடிங்கப்பா, தொய்யுது."

"நான் பிடிச்சாத் தொய்யும். உங்க கம்பெனிக்காரன் பிடிச்சா வெறைப்பா நிக்குமாக்கும்."

"முனையச் சுவத்தோட ஒட்டி வைங்க."

"எங்க அய்யா காலடியிலயே அளந்து முடிச்சிருவாரு. நீ பை நிறையா மிசினக் கொண்டாந்து, இன்னும் ஒரு ரூமத் தாண்டல."

அறைகள், மரங்கள், உத்தரங்கள் என்று ஒரு பட்டியல். குறைகளுக்குத் தனியாக இன்னொன்று. உடைந்த ஓடு, செல்லரித்த கதவுநிலை, தொட்டியின் கசிவு என முப்பத்தேழு. அந்த முப்பத்தேழையும் எந்த வரிசையில் சரிசெய்வது என்றும் எழுதி, இரண்டு பட்டியலையும் அப்பாவிடம் கொடுத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஜீப்பில் ஏறும்போது அப்பா சொன்னார்: "அப்பிடியே நாலுமாலையும் எழுதிரு ஆத்தா."

நாலுமால் பத்திரத்தில் வருகிற சொல். ஓர் இடத்தின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லி, அதற்கு நடுவே இருப்பது இன்ன சொத்து என்று காட்டுவது. ஓடு மாற்றுவதற்கு நாலுமால் வேண்டியதில்லை. ஒழுகும் இடம் தெரிந்தால் போதும். அலுவலகத்தில் யார் எந்த அளவைக் கேட்டாலும் எதற்கு என்று திருப்பிக் கேட்பவள் நான். அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுடைய பேச்சு அப்படித்தான் என்று நினைத்தேன். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன்: ஓடைக்குக் கிழக்கு, ஜீப்புத் தடத்துக்கு வடக்கு, அடுத்த தோட்டத்துக் கல்வேலிக்கு மேற்கு, அரசு வனத்துக்குத் தெற்கு. அப்பா வாங்கி இரண்டு தடவை படித்தார். "அழகா எழுதியிருக்க" என்றார்.

விளம்பரத்தைப் பார்த்த மறுநாள் காலை பஸ்ஸில் போடிக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவே சொல்றேன்னாரு" என்றார்.

"உங்களுக்கு எப்பலருந்தும்மா தெரியும்?"

"அவருக்கு முழங்கால் முடியலடி. அந்த வழுக்குல எத்தன நாளைக்கு ஏறி எறங்குவாரு."

"புளிச்சோறு கட்டிக் குடுத்தீங்களே, அப்பத் தெரியுமா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

அப்பா உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் விற்பனைப் பத்திரம். பூர்வீகச் சொத்து என்பதால் என் கையெழுத்தும் வேண்டும். நான் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே மூன்று குறிப்புகளாகக் கைப்பேசியில் எழுதி வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

"காவலுக்கு இருந்தவரும் தேவாரத்துக்கு மகன் வீட்டோட போயிட்டாரு. பூட்டிப் போட்ட வீடு என்னத்துக்கு ஆகும்" என்றார்.

"இத எங்கிட்ட ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா அளந்து குடுத்திருப்பியா?"

பத்திரத்தை எடுத்துப் படித்தேன். ஓடைக்குக் கிழக்கு, ஜீப்புத் தடத்துக்கு வடக்கு. நான் ஜீப்பில் வைத்து எழுதியது, எழுத்து மாறாமல். வீட்டை விற்கிறவர்கள் பெயரில் அவருடைய பெயரும் என்னுடைய பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"கேட்டிருந்தாப் போட்டிருப்பேன்ப்பா."

"இப்பக் கேக்குறேன்ல."

"இப்ப நீங்க கேக்கல. பேனாவ நீட்டுறீங்க."

நான் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, பத்திரத்தின் மேல் வைத்தேன்.

"சாப்டுட்டுப் போ ஆத்தா" என்றார்.

சாப்பிட்டேன். அவரும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தபோது, "விளம்பரத்துல கடற்கரைக்கு அருகில்னு போட்டிருக்கு. மாத்தச் சொல்லுங்க" என்றேன். எந்த வேலையிலும் பிழையைக் கண்டால் சொல்லாமல் வர என்னால் முடியாது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கைப்பேசியை வாங்கி விளம்பரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். அதுதான் முதல் தடவை என்று அவர் படித்த விதத்திலேயே தெரிந்தது. ஆரஞ்சு பதினான்கு என்ற இடத்தில் விரல் நின்றது.

"பதினஞ்சுல்ல? தொட்டிக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குமே."

"அது காஞ்சிருச்சுப்பா. குறைப் பட்டியல்ல இருக்கு."

"அத நான் பாக்கல" என்றார்.

பத்திரம் பீரோ மேலேயே இருப்பதாக அம்மா சொல்கிறார். அப்பா திரும்பக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்து, மழை பெய்ததா, காய் எடுத்தார்களா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். மேல்வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. விளம்பரத்தில் கடற்கரையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.