முட்டைக்கோஸ் கடிபடும் ஓசை

முட்டைக்கோஸை நூல் நூலாக அரிந்து ஐஸ் தண்ணீரில் போட்டுச் சற்று நேரம் விட்டுவிட்டால், துவண்டு கிடந்த இழைகளெல்லாம் விறைத்துச் சுருண்டு எழும்பும். அப்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்தால் அந்த 'நறுக்' கடிப்பவருக்குக் காதுக்குள்ளேயே கேட்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். ருசி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பச்சைத் தண்டின் லேசான இனிப்பு, பல்லில் ஏறும் குளிர்ச்சி, அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், சமையலில் ஒரு மிளகாய் கூடினாலும் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடும் எங்கள் வீட்டுக்குள், இந்த ருசியில்லாத பண்டம் எப்படியோ நுழைந்து, அந்த வருஷம் முழுவதும் போகாமல் இருந்தது.

நாங்கள் அப்போது ஆரியசாலையில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், ஓட்டு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பா நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பே திருவனந்தபுரத்துக்கு வந்து, வற்றல் மிளகாய் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். மூட்டையைப் பிரித்த மாத்திரத்தில் வாங்க வந்தவர்கள் தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடும்போது, அப்பா மட்டும் மிளகாய்க் குவியலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பார் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையைத் துவைக்க எடுத்தால் எனக்கு மூக்கு அரிக்கும். வீட்டிலும் அப்படித்தான். கொள்ளை அரைத்த காணத்துவையலும் புளிக்கறியும் நாக்கைச் சுட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சாப்பாடு முடிந்த கையோடு 'முறுக்கான்', அதாவது வெற்றிலையும் பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும். இடது கன்னம் எப்போதும் லேசாக உப்பியிருக்கும். அப்பாவின் முகமே அப்படித்தான் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிய நாட்களில் அப்பா துவையலை ஒதுக்க ஆரம்பித்தார். பிறகு புளிக்கறியை. கேட்டால் "எரியுது" என்று மட்டும் சொல்வார். வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று அம்மாவே முடிவுகட்டி, வெறும் தயிரும் தேங்காய்ப்பாலுமாகச் சமைத்துப் பார்த்தாள். அதையும் அவர் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். மூட்டை தூக்குகிற இடத்தில் நிற்கிற மனிதர் இப்படிச் சாப்பிடாமல் இருந்தால் என்னாவது என்று அம்மா மாடிவீட்டு லீலா சேச்சியிடம் போய்ப் புலம்பினாள்.

லீலா சேச்சி நர்ஸ். பல வருஷம் குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். எங்கள் சந்தில் பிரிட்ஜ் இருந்த ஒரே வீடு அவருடையது. தமிழ் நோயாளிகளோடு பழகிப் பழகி எங்களோடு பேசுவதற்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார். "எரிவு வேண்டாங்கில் சேட்டனுக்கு சாலட் உண்டாக்கிக் கொடு அக்கா. பச்சைக்கு, ஐஸ் போட்டு நல்ல தணுத்தது. மேலே லைட்டா ஒரு டிரெஸ்ஸிங்" என்றார். எங்கள் வீட்டில் டிரெஸ்ஸிங் என்றால் புண்ணுக்குத் துணி கட்டுவது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முட்டக்கோசுக்கு எதுக்கு சேச்சி கட்டுப் போடணும்?" சேச்சியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு வந்த மாதங்களில் இருவருமே மறந்துவிட்டிருப்பார்கள்.

அன்று மாலையே சேச்சி செய்து காட்டினார். மேல் இலைகளைக் களைந்துவிட்டு, கோஸை இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை விலக்கி, அரிவாள்மனையில் வைத்து எவ்வளவு மெலிதாக முடியுமோ அவ்வளவு மெலிதாகச் சீவ வேண்டும். கூடக் கொஞ்சம் கேரட். மாடியிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கிண்ணத்தில் எடுத்து வருவது என் வேலை. ஊறிய கோஸைத் துணியில் கொட்டி ஈரமில்லாமல் ஒற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஒரு கோப்பையில் 'வினாகிரி' என்று சேச்சி சொல்லும் வினிகர் இரண்டு ஸ்பூன், கொஞ்சம் உப்பு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை, சில துளி தேங்காயெண்ணெய். முட்கரண்டியால் அடித்து, அது கலங்கி வெளுத்ததும், சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் மேலே ஊற்றிப் பிசற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் கோஸ் தண்ணீர் விட்டுத் துவண்டுபோகும்.

அப்பா முதல் வாயில், "ஆடு திங்குத மாதிரியில்லா இருக்கு" என்றார். ஆனால் கிண்ணம் காலியானது. மறுநாள் கடையிலிருந்து வந்ததும் அவராகவே, "அந்த ஆட்டுத் தீனி உண்டுமா?" என்று கேட்டார். அம்மாவுக்கு உயிர் வந்தது. அப்புறம் தினமும் சாலட்தான். வெளியே மழை, உள்ளே நாங்கள் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து நறுக் நறுக்கென்று மெல்லுவோம். அப்பா எப்போதும் வலது பக்கமாகவே மென்றார் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சில வாரங்களில் வினிகர் எரிகிறது என்றார். அம்மா அதை நிறுத்திவிட்டு எலுமிச்சை பிழிந்தாள். பிறகு அதுவும் எரிந்தது. தெளிந்த மோர்த் தண்ணீரில் சர்க்கரை கரைத்து ஊற்றினாள். கடைசியில் உப்பும் ஆகாமல்போய், நாலு சொட்டு எண்ணெயும் சர்க்கரையும் மட்டும் மிஞ்சின. டிரெஸ்ஸிங் இப்படி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்ததை அம்மா ஒருநாள் ஐஸ் வாங்கப்போன இடத்தில் பேச்சுவாக்கில் சேச்சியிடம் சொன்னாள். பிரிட்ஜ் கதவைப் பிடித்திருந்த சேச்சியின் கை அப்படியே நின்றது.

"எவிடே எரியுது அக்கா? வயித்திலயா, வாயிலயா?"

"வாயிலதான்."

அன்று அப்பா வந்த சிறிது நேரத்தில் சேச்சி ஒரு டார்ச்சோடு கீழே இறங்கி வந்தார். "சேட்டா, வாய் ஒண்ணு திறந்தே. நான் நோக்கட்டே" என்றார். "பல்லுதான் குத்துது, வேற ஒண்ணுமில்ல" என்று அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். சேச்சி நகரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்தார். முழுதாகத் திறக்க முடியவில்லை. எங்களுக்கு அவர் முதுகும், சுவரில் ஆடிய டார்ச் வெளிச்சமும்தான் தெரிந்தன.

சேச்சி டார்ச்சை அணைத்துவிட்டு அம்மாவை அடுக்களைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். எப்போதும் எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுகிறவர், அன்று முழுக்க மலையாளத்தில், தணிந்த குரலில், மடமடவென்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அம்மாவின் மலையாளம் சந்தையில் காய் வாங்கக் காணும்; அதற்குமேல் வராது. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். அம்மா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, பாதி சீவிய கோஸைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அவ என்ன சொன்னா மக்ளே? எனக்குப் பாதிதான் பிடிகிட்டுச்சு."

"கன்னத்துக்கு உள்ள வெள்ளையா ஒரு தடிப்பு இருக்காம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போணுமாம். சதை எடுத்துப் பாக்கணுமாம்."

"எதுக்குப் பாக்கணும்?"

"கேன்சரான்னு."

வீட்டில் அந்தச் சொல்லை முதலில் சொன்னது நான்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கோஸைச் சீவத் தொடங்கினாள். பாதி முடிந்ததும் மறுபாதியை எடுத்தாள். அதுவும் முடிந்ததும் கூடையிலிருந்த இன்னொன்றை எடுத்துப் பிளந்தாள். எங்கள் மூன்று பேருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான கோஸ் தரையில் வெள்ளையாகக் குவிந்தது. அன்று அதை யாரும் தின்னவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. இடது கன்னத்தின் உட்சதையையும் தாடையெலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். அப்பா வீடு திரும்பியபோது முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்துப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற லீலா சேச்சி தினமும் ஆஸ்பத்திரிச் சீருடையோடேயே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுத்தான் மாடியேறுவார். காசு வாங்கிக்கொள்ளச் சொன்னால் கோபம் வரும். 'கரண்ட்' என்று நாங்கள் சொன்ன கதிர்வீச்சு வைத்த பிறகு அப்பாவுக்கு வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோனது. அரித்து வடிகட்டிய கஞ்சி, ஆறவைத்த பால், இளநீர், இவை மட்டும் குழாய் வைத்த கோப்பையில் இறங்கும். பேச்சு குழறியது. வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை புரியாது; எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் விளங்கும். கடைக்காரர்கள் பார்க்க வந்தால் அப்பா சொல்வதை அம்மா திருப்பிச் சொல்லுவாள்.

இதற்கு நடுவிலும் அம்மா சாலட் செய்வதை நிறுத்தவில்லை. அப்பா கடைசியாக ஆசையோடு சாப்பிட்ட பண்டம் அதுதான் என்பதாலா, நிறுத்தினால் எல்லாம் முடிந்தது என்று அவரே நினைத்துவிடுவார் என்று பயந்தாளா, நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு கிண்ணம் போட்டுக் கொடுப்பாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருப்பார். நான் கீழே உட்கார்ந்து தின்ன வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு நரகமாக இருந்தது. தின்ன முடியாதவர் முன்னால் நறுக்கென்று கடிக்க எனக்கு வாய் கூசியது. கோஸை வாயில் அடக்கிவைத்து, எச்சிலில் ஊறித் துவண்ட பிறகு ஓசையில்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டேன். அப்படித் தின்றால் அது வேகவைத்த துணி மாதிரி இருக்கும்.

ஒரு மாலையில் அப்பா கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்.

"நீ என்ன பிள்ளே, வாய்க்குள்ள ஊறப் போடுத?"

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"கடி. நல்லா கடிச்சுத் தின்னு. எனக்குக் கேக்கட்டு."

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். நான் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அந்தத் தண்டு பக்கம் எடு" என்றார். தடிமனான துண்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தேன். கண்ணீர் வழிந்து கிண்ணத்தில் விழுந்தது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை என்பதால் துடைக்கவும் இல்லை. அவருடைய வலது தாடை மட்டும், நான் கடிக்கும்போதெல்லாம் லேசாக அசைந்தது. கிண்ணம் தீர்ந்ததும் "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். அன்றிலிருந்து ஐப்பசி மாதத் துலாமழை ஓய்கிறவரை தினமும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்காகக் கடித்துத் தின்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் மறுபடியும் சேர்த்தபோதுதான் அது நின்றது. அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

அடுத்த வருஷமே அந்த வீட்டைக் காலி செய்தோம். லீலா சேச்சி மகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். சில வருஷங்கள் கிறிஸ்துமஸுக்கு போன் செய்வார், பிறகு அதுவும் நின்றது. இப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பக்கத்திலேயே ஒரு வாடகைப் பிளாட். அம்மா என்னோடு இருக்கிறாள். அலுவலகக் கேண்டீனில் கோஸ் சாலடை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில், டிரெஸ்ஸிங்கைத் தனிப் பொட்டலமாக வைத்து விற்கிறார்கள். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே மென்று தள்ளுகிறார்கள். போன மாதம் ஒரு வேலையாக ஆரியசாலைக்குப் போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் கிடங்கு ஒன்று நிற்கிறது. அப்பா நின்ற கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். சந்தின் முனையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். தும்மல் வரவில்லை.

வீடும் கடையும் போகக்கூடியவைதான். எனக்கு அன்று வேறு ஒன்று உறைத்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா எந்தக் குரலில் பேசினார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேசியதைப் பதிந்துவைக்க அந்தக் காலத்தில் எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. போட்டோக்கள் இருக்கின்றன, அவற்றில் உப்பிய கன்னத்தோடு சிரிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா ஆபரேஷனுக்கு முன்னால எப்படிம்மா பேசுவாரு? கடையிலேருந்து வந்ததும் என்னைக் கூப்பிடுவாருல்லா, அது மாதிரி ஒரு தடவ சொல்லிக் காட்டு."

அம்மா டிவியின் ஓசையைக் குறைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மக்ளே, சோறு தின்னாச்சா?" என்றாள்.

இடது பக்கம் வாய் கோணி, வார்த்தைகள் குழறி வந்தன. அவளுக்கும் அந்தக் குரல்தான் மிஞ்சியிருந்தது.