ஒரே பேருந்தில் வாதியும் பிரதிவாதியும்

காலை ஆறு இருபது. பழவேற்காடு பேருந்தில் ஏறியதும் நான் முதலில் பார்த்தது, பெரியம்மாவின் சாப்பாட்டுத் தூக்கு அவருடைய மருமகளின் மடியில் இருந்ததை. இருவரும் பொன்னேரி நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கு அவர்கள் இருவருக்கும் இடையில்தான். ஒரு நாளிதழுக்காக நீதிமன்றச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்த நான், வாதியும் பிரதிவாதியும் ஒரே இருக்கையில் வருவதை அதற்கு முன் கண்டதில்லை.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்திருந்தான். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த ஆயுள் காப்பீட்டில் நாமினியாக அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தான். எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் தனித் தலைக்கட்டு, தனிக் குடும்பமாகவே கணக்கு. அடுத்த கிராமக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி, ஏரியில் வலை போட அவனுக்கென்று ஒரு முறைநாள் ஒதுக்குவார்கள். அதன் பின் அவனுடையது எல்லாம் பெண்டாட்டி பிள்ளைக்கு என்பதை யாரும் தனியாகச் சொல்வதில்லை. நாமினியை மாற்றச் சொல்லி முகவர் வீட்டுக்கே வந்தார். "அதான் ஊர்ல சொல்லியாச்சே சார், இன்னொரு தபா இன்னாத்துக்கு?" என்று கேட்டு, அவருக்குக் கொஞ்சம் நண்டு கொடுத்து அனுப்பினான் அண்ணன்.

அவன் போன பிறகு மருமகள் வழக்குத் தொடுத்தாள். பணம் யாருக்கும் தரப்படாமல் நின்றது. பெரியம்மாவுக்குப் பணத்தைவிடப் பேத்தியைப் பற்றித்தான் பயம். மருமகளின் தாய்வீடு ஆரம்பாக்கம். "பணத்த உட்டுக் குடுத்துக் கையெழுத்துப் போட்டன்னு வையி, மறுநாளே புள்ளைய இட்டுக்கினு பூடுவா. கேஸ் நடக்கற வரைக்கும் ரெண்டு பேரும் இங்க கீறாங்க," என்றார் என்னிடம், மருமகள் காதில் விழும்படியே.

"போறவளா இருந்தா உனக்கு இன்னும் கொயம்பு வெச்சுக் குடுத்துக்கினு இருப்பனா அத்தே?"

"கொயம்பா அது? ஏரித் தண்ணி."

பின் இருக்கையில் இருந்த மீன்காரம்மா சிரித்துவிட்டார். மருமகளும் சிரித்தாள்.

வாய்தாக்கள் போயின. நீதிபதி மாறினார். இரண்டு வழக்கறிஞர்களும் அவரவர் கட்சிக்காரரை வராந்தாவின் வெவ்வேறு மூலைகளில் நிற்க வைத்து, எதிர்த்தரப்போடு பேச வேண்டாம் என்று எச்சரித்தார்கள். வழக்குகளில் வழக்கமாகச் சொல்வதுதான். அது மெல்ல வீட்டுக்குள் வந்தது. முதலில் அடுப்பு இரண்டானது. பிறகு பேருந்தில் இருக்கை. பேத்தி மட்டும் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டாள். எத்தனையோ வழக்குகளை எழுதிய நான் இதை எழுதவில்லை. செய்தி என்று சொல்ல இதில் ஒன்றும் இருக்கவில்லை.

கடைசியில் சமரசம் ஆனது. தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் சம பங்கு. குழந்தையின் பங்கு, அவள் மேஜராகும் வரை வங்கியில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த பெரியம்மா, "வாடி, மீன் வாங்கிக்கினு போலாம்," என்றார். இனிப் பேசலாமா என்று தெரியாதவள் போல மருமகள் தன் வழக்கறிஞரைத் தேடினாள். அவர் அடுத்த வழக்குக்குப் போயிருந்தார்.

அந்த ஜூன் மாதம் பேத்தியை ஆரம்பாக்கம் பள்ளியில் சேர்த்தார்கள்.