நிழல் பார்த்துத் திறக்கும் மடை

ஓமனில் நிஸ்வா போகிறவர்கள் என்னிடம் கோட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த வழியில் இருந்த ஒரு வாய்க்காலைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை. எழுபதுகளின் நடுவில், நாங்கள் மஸ்கட் ரூவியில் குடியேறிய முதல் குளிர்காலம். லாரித் தண்ணீரை அளந்து அளந்து செலவழித்து அலுத்துப்போன என் கணவர், "ஓடுற தண்ணிய ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்" என்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்காரர். தண்ணீரைக் கண்டால் சோறு வேண்டாம் அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஜீப் வாடகை, டிரைவர் ரஹீம் பாயோடு சேர்த்து எட்டு ரியால். நிஸ்வாவுக்கு நூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம். அதற்குச் சற்று முன்னால், பேரீச்சந்தோப்புகள் நிறைந்த ஒரு கிராமத்தில் எட்டு மணிக்கு நிறுத்தினோம். மலையடி ஊற்றுநீரைச் சுரங்கம் வழியே ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஃபலஜ் என்பார்கள். முதலில் குடிக்க, பிறகு குளிக்க, கடைசியில்தான் தோப்புக்கு. தோப்புக்காரர்களுக்கும் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று முறை உண்டு.

ரஹீம் பாய் சாவியோடு டீ தேடிப் போன நேரத்தில், மண்வெட்டியும் கையுமாக இரண்டு பேர் கத்திக்கொண்டே வந்தார்கள். "வாயத் தொறக்காத. தண்ணித் தகராறு மாதிரி தெரியிது, வெட்டுக் குத்துல போயி நிக்கும்" என்றார் என் கணவர்.

ரஹீம் பாய் ஓடிவந்து ஹிந்தியில் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வெட்டவெளியில் நட்டிருந்த கம்புதான் அவர்களுடைய கடிகாரம். அதன் நிழல் தரையில் பதித்த கல்லைத் தொட்டால் வந்த இருவரில் ஹமதின் முறை முடிந்து சயீதின் முறை தொடங்கும். எங்கள் ஜீப்பின் நிழலோ கம்பையும் கல்லையும் சேர்த்து மூடியிருந்தது. நேரமாகிவிட்டது, மடையை அடை என்கிறார் சயீத். நிழலைக் காட்டு, அடைக்கிறேன் என்கிறார் ஹமத். ஆட்டுத் தீவனத்துக்குப் போட்டிருந்த சயீதின் குதிரைமசால் பாத்தி தண்ணீரில்லாமல் பழுத்துக் கிடந்தது. இப்போது குறைகிற தண்ணீருக்கு அடுத்த முறை வரை வழியில்லை.

"யல்லா, யல்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரஹீம் பாய் ஜீப்பை நகர்த்தினார். நிழல் கல்லைத் தாண்டிப் போயிருந்தது. அந்த நேரத்துத் தண்ணீரை ஹமதின் பேரீச்சைகள் ஏற்கெனவே குடித்தாயிற்று. சயீத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஹமத் குந்தி உட்கார்ந்து, கல்லுக்கும் நிழலுக்கும் இடையே விரல்களை வைத்துப் பார்த்தார். நான்கு விரல். ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, கல்லுக்கு நான்கு விரல் முன்னால் வைத்து அழுத்தினார். அடுத்த முறை நிழல் அதைத் தொட்டதுமே அடைத்துவிடுவாராம். பிறகு அவரே எழுந்துபோய்த் தன் மடையை அடைத்தார். "கலாஸ்", முடிந்தது என்றார் சயீத். அவ்வளவுதான் பேச்சு.

போகிறவர்கள் குளிர்காலத்தில், காலையிலேயே போய்விடுங்கள். குடிநீர் எடுக்கும் இடத்தில் சோப்புப் போடாதீர்கள். வண்டியை நிறுத்தினால் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று இறங்கிப் பாருங்கள்.

அன்று நிஸ்வாவை நான்தான் பார்த்தேன். என் கணவர் எதையும் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், "எங்கப்பாவும் சித்தப்பாவும் மடைத் தகராறுல கடைசி வரைக்கும் பேசிக்கல. சாவுக்குக்கூட போகல. நாலு விரக்கடைத் தண்ணிகூட இருக்காது அது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடமாகியும், அவருக்கு ஒரு சித்தப்பா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.