ஒனோதெராவுக்கு இரண்டு விருந்து

யோனெசாவாவிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில், மரக்கடையைத் தாண்டினால் எங்கள் கடை. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் ஒரு நீலத் துணித்திரை மட்டும். உள்ளே கறி சுடும் நீளமான இரும்புத் தகடு. அதைச் சுற்றிய மரப்பலகையில் நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். ஊர்க்காரர்களைத் தவிர யாரும் வருவதில்லை. நான் அங்கே சூப் ஊற்றி, ஊறுகாய் வைத்து, பாத்திரம் கழுவுகிறவள். பெயர் ஃபுமியே.

தகட்டின் முன் நிற்பவள் செட்சுகோ அக்கா. கடற்கரை ஊரான சகாத்தாவில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு மீனைத் தவிர எதையும் அறுக்கத் தெரியாது. பல வருஷம் அவள் புருஷன் தெத்சுரோதான் கறி சுட்டார். அவள் சோறாக்கினாள், வாசல் பனியைத் தள்ளினாள். ஓர் இலையுதிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. கடையை மூடிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு தகட்டின் முன் போய் நின்றாள்.

இது ஒனோதெராவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கறியெல்லாம் அவர் தொழுவத்துக் கிடேரிகள்தான். எழுபது தாண்டியவர், பேரப்பிள்ளைகளைவிட மாடுகளிடம் அதிகம் பேசுகிறவர். "நானே வந்து சாப்பிட்டுப் பாப்பேன். சரியில்லன்னா என் மாடு வேற கடைக்குப் போகும்" என்று சொல்லி அனுப்பினார்.

பனி கொட்டிய ஒரு மதியம், தன் மருமகன் கிஹாச்சியோடு வந்து நட்டநடுவில் உட்கார்ந்தார். தெத்சுரோவின் சக்கர நாற்காலி வழக்கம்போல் பலகையின் கோடியில், தகட்டுப் பக்கத்திலிருந்து வெளியே போகும் சின்னக் கதவை அடைத்தபடி இருந்தது.

அக்கா கொழுப்புத் துண்டைத் தகட்டில் தேய்த்தாள். பூண்டுச் சீவல்களைப் பொன்னிறமாக வறுத்து ஒதுக்கினாள். கறியை வைத்ததும் சடசடவென்று சத்தம் எழுந்தது. அவள் கண் ஓரமாகப் போய் வந்தது. தெத்சுரோ இடது விரலை லேசாகத் தூக்கினார். அவள் கறியைத் திருப்பினாள்.

ஒனோதெரா அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, நீ கறியப் பாக்குறியா, புருஷன் மூஞ்சியப் பாக்குறியா?"

அக்காவின் கழுத்து சிவந்தது. கறியை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். அவர் ஒரு துண்டை மென்றுகொண்டே மருமகன் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷம் ராத்திரி பகலா வளத்த கிடேரிடா. அதக் கொண்டாந்து மீன்காரி கையில—"

பேச்சு அங்கேயே நின்றது.

முதலில் கோபத்தில் நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை தொண்டைக்குப் போனது. முகம் நீலம் பாரித்தது. கிஹாச்சி எழுந்து, "மாமா! மாமா! தண்ணி, தண்ணி குடுங்க!" என்று கத்தினான். நான் சூப் கரண்டியோடு மரம்போல் நின்றேன்.

"தண்ணி குடுக்காத!" என்றாள் அக்கா.

கதவுப் பக்கம் நாற்காலி. தெத்சுரோ ஒரு கையால் சக்கரத்தை உருட்டப் பார்த்தார், அது சுவரில் முட்டிக்கொண்டது. அக்கா காத்திருக்கவில்லை. தகட்டின் குறுக்கே எட்டி மரப்பலகையைப் பிடித்து, அப்படியே தாவினாள். கறி தீய்கிற வாசனைக்கு நடுவே வேறொரு வாசனையும் வந்தது. அவள் முன்னங்கை இரும்பில் உரசியிருந்தது.

அவரைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, முஷ்டியை மேல்வயிற்றில் வைத்து இழுத்தாள். எங்கள் ஊரில் வருஷத்துக்கு யாராவது ஒரு கிழவருக்குப் புத்தாண்டு அரிசிக் கொழுக்கட்டை தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று தீயணைப்புக்காரர்கள் இந்த முதலுதவியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். நானும்தான் கற்றிருந்தேன். எனக்குக் கை வரவில்லை, அவளுக்கு வந்தது. ஒனோதெராவின் கால்கள் மடங்கின. அவரோடு சேர்ந்து தானும் தரையில் சரிந்தபடியே அவள் மறுபடியும் இழுத்தாள். துண்டு வெளியே வந்து விழுந்தது.

அவர் மூச்சை இழுத்த சத்தம் கிழிந்த துருத்தி மாதிரி இருந்தது.

மூன்று நாள் கழித்து கிஹாச்சி வந்தான், கையில் பெரிய பழக்கூடை.

"மாமா சொல்லி அனுப்பினாரு. இனிமே கறி எப்பவும் போல வரும். எதுவும் கவலப்பட வேணாம்னு சொன்னாரு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா கையில் கட்டோடு நின்று கூடையைப் பார்த்தாள்.

"பழத்த வாங்கிக்கிறேன். கறி வேணாம்."

"என்ன அக்கா இது!" என்றேன் நான்.

"உயிரக் காப்பாத்துனதுக்கு நன்றி சொல்லிட்டாரு, சரி. அது வேற, கறி வேற. வந்து ஒழுங்கா உக்காந்து சாப்பிட்டுட்டு, அப்புறம் சொல்லட்டும்."

அவன் போனதும் பொரிந்து தள்ளினேன். "வந்த அதிர்ஷ்டத்த வாசல்ல நிறுத்தி உதைக்கிறியே! உனக்கென்ன பைத்தியமா?"

"நன்றிக்காகக் குடுத்தா, அவரு கண்ண மூடுற அன்னிக்கு நின்னுரும் ஃபுமியே."

அடுத்த வாரம் ஒனோதெரா தனியாக வந்தார். விலாவில் வலி போலிருக்கிறது, பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தலைவணங்கிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க உள்ள போங்க."

தெத்சுரோ அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். சமையலறைத் திரைக்குப் பின்னால் அவர் காதைச் சாய்த்து, சடசடப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இடது விரல் மடியில் துடித்தது.

நான் திரும்பி வந்து பார்த்தபோது அக்கா ஒருமுறை கையை வெடுக்கென்று இழுத்தாள். கட்டு அவிழ்த்த தோலில் சூடு பட்டிருக்க வேண்டும். திருப்பினாள். காத்திருந்தாள். எடுத்தாள். வழக்கத்தைவிடச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள்.

"என்ன, குழந்தைக்கு ஊட்டப் போறியா?"

"மறுபடி தாவ முடியாதுங்க. முட்டி வலிக்குது."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு துண்டாக, கண்ணை மூடி மென்றார். பூண்டுச் சோற்றையும் சூப்பையும் முடித்தார். தட்டில் ஒரு பருக்கை இல்லை. துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்ப அவசரப்பட்டுப் போட்டுட்ட. கறி தண்ணி விட்டுருச்சு."

"ஆமாங்க. போட்ட உடனே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எடுக்க முடியாதே."

"ம்." எழுந்து குல்லாயை மாட்டினார். "தோள்கறி வரும். உசத்தியான முதுகுக்கறிய இப்ப கேக்காத. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

"பனி உருகட்டும், கேப்பேன்."

"கேளேன். நான் குடுக்க மாட்டேன்."

அவர் போய் வாசல் திரை விழுந்ததும் அக்கா உள்ளே வந்து அரிசி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். தெத்சுரோ கேள்வியாகப் பார்த்தார்.

"தோள் மட்டும்" என்றாள். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் இடது கையை அவள் தலையில் வைத்து, குழறிக் குழறி, "உப்பு... நானும்... அப்படித்தான்... முதல்ல" என்றார்.

முதுகுக்கறியை ஒனோதெரா வசந்தத்தில் தரவில்லை, கோடையிலும் தரவில்லை. அறுவடை முடிந்த பிறகுதான் அனுப்பினார். இப்போதும் மாதம் ஒருமுறை வந்து நடுவில் உட்காருகிறார். ஏதாவது ஒரு குறை சொல்லாமல் எழுந்ததில்லை. ஆனால் வாயில் கறி இருக்கும்போது பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.